ஆறு நிமிடத்தில் வந்த ரிசோட்டோ: இத்தாலிய உணவகத்தில் ஏமாறாமல் சாப்பிட

என் கணவரின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் முன்பே டேபிள் சொல்லி வைத்தேன். நகரத்தின் நடுவில், பதினோராவது மாடியில், கீழே விளக்குகள் மினுங்கும் ஜன்னலோர மேசை. மெழுகுவத்தி, துணி நாப்கின், மெத்தென்ற நாற்காலி, எல்லாம் இருந்தது. சாப்பாடு மட்டும் வாயில் வைக்க விளங்கவில்லை. இரவு பதினொன்றரைக்கு வீட்டுக்கு வந்ததும் மனிதர் சட்டையைக்கூட மாற்றாமல் ஃப்ரிட்ஜைத் திறந்துகொண்டு நின்றார்.

"பசிக்குதாங்க?" என்றேன்.

"இல்ல, சும்மா பார்க்கிறேன்" என்றார். பிறந்தநாள் அதுவுமாக எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் என் தம்பிக்குப் போன் போட்டுப் புலம்பினேன். அவன் ஒரு இத்தாலிய உணவகத்தின் சமையலறையில் நான்கு வருடம் அடுப்பு முன்னால் நின்றவன். முழுக்கதையையும் கேட்டுவிட்டு, நாங்கள் சாப்பிட்ட ரிசோட்டோவைப் பற்றித்தான் (சூடான சாற்றில் வேக வைக்கும் இத்தாலிய அரிசிப் பதார்த்தம்) அவன் முதல் கேள்வி கேட்டான்: "ரிசோட்டோ எத்தனை நிமிஷத்துல வந்துச்சுக்கா?"

"ஆறு நிமிஷம் இருக்கும். பரவாயில்லையே, சீக்கிரம் வந்துடுச்சேன்னு சந்தோஷப்பட்டோம்."

அவன் சிரித்த சிரிப்பில் போனை வைத்துவிடலாமா என்று தோன்றியது. ஆனால் வைக்காமல் ஒரு மணி நேரம் பேசினோம். அந்த ராத்திரி எங்களுக்குத் தப்பிக்க மூன்று இடங்கள் இருந்தன என்று அப்போதுதான் புரிந்தது. மெனுவைப் பார்த்தபோது ஒன்று, ஆர்டர் சொன்னபோது ஒன்று, முதல் இரண்டு வாய் சாப்பிட்டபோது ஒன்று. மூன்றையும் கோட்டை விட்டோம். நீங்கள் விடாமல் இருக்க, அவனிடம் கேட்டதையும் அதற்கப்புறம் நானே பட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

கிளம்பும் முன்

மெனுவை வீட்டிலேயே போனில் பார்த்துவிடுங்கள். முதலில் பார்க்க வேண்டியது விலையை அல்ல, நீளத்தை. நாங்கள் போன இடத்தில் பாஸ்தா மட்டும் இருபத்தெட்டு வகை. அது போக பீட்சா, பர்கர், ஏதோ ஒரு நூடுல்ஸ்கூட. இவ்வளவையும் அந்த நேரத்தில் புதிதாகச் செய்து தர எந்தச் சமையலறையாலும் முடியாது. நான்கைந்து சாஸ்களை டப்பாவில் செய்து வைத்து, அதையே மாற்றி மாற்றிக் கலந்து வேறு வேறு பெயர் வைப்பார்கள். பாஸ்தா எட்டோ பத்தோ உள்ள மெனுவைக் கண்டால் எனக்கு இப்போது ஒரு நிம்மதி.

அடுத்து, சாப்பிட்டவர்கள் எடுத்துப் போட்ட படங்களைப் பாருங்கள். உணவகமே போட்ட படம் கல்யாண ஆல்பம் மாதிரி, அதில் எல்லோரும் அழகுதான். சாப்பிட்டவர் எடுத்த படத்தில் சாஸ் பாஸ்தாமேல் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, தட்டின் அடியில் குளம் கட்டி நிற்கிறதா என்று கவனியுங்கள். குளம் கட்டியிருந்தால் பாஸ்தாவையும் சாஸையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு ஒன்றின்மேல் ஒன்றை ஊற்றியிருக்கிறார்கள். முறையாகச் செய்தால் பாஸ்தா வெந்து முடிவதற்கு ஓரிரு நிமிடம் முன்பே சாஸ் இருக்கும் வாணலிக்கு வந்துவிட வேண்டும். பாஸ்தா வெந்த தண்ணீரில் ஒரு கரண்டி சேர்த்து அங்கேயே புரட்ட வேண்டும். அந்தத் தண்ணீரில் இருக்கும் மாவுச்சத்துதான் சாஸை ஒட்ட வைக்கும் பசை.

நேரத்தைப் பற்றி ஒரு வரி. வாரக் கடைசியில் இரவு எட்டரைக்குப் போகாதீர்கள். வார நாளில் ஏழு மணிக்குப் போனால் அதே சமையல்காரர் வேறு மனிதராக இருப்பார்.

மெனுவில் உள்ள பெயர்கள்

கார்போனாரா என்று போட்டு அதன் கீழே "க்ரீம்" என்று எழுதியிருந்தால் அங்கே நிதானியுங்கள். ரோம் நகரத்து கார்போனாரா பாஸ்தாவில் க்ரீம் கிடையாது. முட்டை மஞ்சள் கரு, பெக்கொரினோ ரொமானோ என்ற ஆட்டுப்பால் சீஸ், மிளகு, குவான்சாலே என்று சொல்லும் உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றிக் கன்ன இறைச்சி, அவ்வளவுதான். அந்த வழவழப்பு முட்டையிலிருந்து வர வேண்டும். மஞ்சள் கரு 65 டிகிரி செல்சியஸ் வாக்கில் கெட்டிப்படத் தொடங்கும். சூடு இன்னும் ஏறினால் திரிந்து பொரியலாகிவிடும். அதனால் அடுப்பை அணைத்தபின் வாணலியில் மிச்சமிருக்கும் சூட்டிலேயே கலக்க வேண்டும். அதற்குக் கை பழகியிருக்க வேண்டும். பழகாத கைக்கு க்ரீம் ஒரு காப்பீடு, ஊற்றினால் திரியாது. என் தட்டில் வந்தது அந்தக் காப்பீடுதான், மேலே பச்சைப் பட்டாணி வேறு.

அல்ஃபிரெடோவும் இப்படித்தான். ரோமில் அல்ஃபிரெடோ தி லெலியோ என்ற உணவகக்காரர் பேர்வாங்கிய ஃபெத்துச்சினே என்ற பட்டைப் பாஸ்தாவில் வெண்ணெயும் பார்மிஜானோ சீஸும்தான். க்ரீமும் சிக்கனும் சேர்ந்தது அமெரிக்காவுக்குப் போன பிறகு. ஸ்பகெட்டி போலோக்னீஸும் போலோக்னா ஊரில் பிறந்த சேர்க்கை அல்ல. அங்கே அந்த இறைச்சிச் சாஸை டாலியாடெல்லே என்ற பட்டையான முட்டைப் பாஸ்தாவுடன் சாப்பிடுவார்கள். அந்த ஊர் வர்த்தகச் சபையில் 1972ல் டாலியாடெல்லேயின் அகலத்தையே பதிந்து வைத்திருக்கிறார்கள், வெந்தபின் 8 மில்லிமீட்டர். 1982ல் சாஸின் செய்முறையையும் பதிந்துவிட்டார்கள். கொஞ்சம் ஓவர்தான், ஆனால் எனக்கு அந்தப் பிடிவாதம் பிடித்திருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு வெயிட்டரிடம் பாடம் எடுக்க வேண்டாம். சிக்கன் அல்ஃபிரெடோ பிடித்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் "அசல் ரோமானியச் சமையல்" என்று மெனுவின் உச்சியில் எழுதிவிட்டுக் கீழே க்ரீம் ஊற்றிய கார்போனாரா போட்டால், மற்ற வாக்குறுதிகளையும் அதே எடை போடுங்கள்.

ட்ரஃபிள் எண்ணெய் என்ற வார்த்தையைப் பார்த்தால் நான் இப்போது அடுத்த வரிக்குப் போய்விடுகிறேன். ட்ரஃபிள் என்பது மண்ணுக்கடியில் விளையும் அபூர்வமான காளான் வகை. அந்த எண்ணெயில் பெரும்பாலும் அது இருக்காது, ஆய்வகத்தில் செய்த வாசனைப் பொருள்தான் இருக்கும். அன்று காளான் ரிசோட்டோ மேசைக்கு வந்தவுடன் என் கணவர் மெதுவாக என் பக்கம் குனிந்து, "எங்கயோ கேஸ் லீக் ஆகுதுன்னு நினைக்கிறேன்" என்றார். அவர் தட்டிலிருந்துதான் வந்தது அந்த வாசனை.

அசைவம் தொடாதவர்களுக்கு

என் கணவர் அசைவம் தொடமாட்டார், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இத்தாலிய மெனுவில் இலைப் படம் போட்டிருந்தால் மட்டும் போதாது. பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸில் பாலை உறைய வைப்பது கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட். பெக்கொரினோ ரொமானோவில் ஆட்டுக்குட்டியின் ரென்னெட். பெஸ்தோ சாஸில் பார்மிஜானோ உண்டு, ஆகவே அதுவும் இந்தக் கணக்கில் வரும். காளான் ரிசோட்டோவில் இறைச்சித் துண்டு ஒன்றும் இருக்காது, ஆனால் அரிசி வெந்தது கோழி எலும்புச் சாற்றிலாக இருக்கலாம். சீசர் சாலட் சாஸிலும் புத்தனெஸ்கா என்ற தக்காளிச் சாஸிலும் நெத்திலி கரைந்திருக்கும்.

"இது சைவமா?" என்று கேட்டால் "ஆமாம்" என்றுதான் பதில் வரும். "ரிசோட்டோவை எந்தச் சாறு ஊற்றி வேக வைக்கிறீர்கள்? சீஸில் விலங்கு ரென்னெட் உண்டா?" என்று கேளுங்கள். வெயிட்டர் தெரியவில்லை என்று சொல்லி உள்ளே போய்க் கேட்டு வந்தால் அது நல்ல இடம். யோசிக்காமல் தலையாட்டினால், பூண்டும் ஆலிவ் எண்ணெயும் மட்டும் போட்ட ஆலியோ எ ஓலியோ பாஸ்தாவைச் சீஸ் தூவாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆர்டர் சொல்லும்போது

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். நாங்கள் செய்த பெரிய தப்பு அதுதான். வெயிட்டர் வந்து நின்றதும் பரீட்சையில் ஒப்பிப்பதுபோல ஸ்டார்ட்டர், பாஸ்தா, ரிசோட்டோ, இனிப்பு எல்லாம் சொல்லி முடித்துவிட்டோம். அதன்பின் திரும்பிப் போக வழியில்லை.

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சும்மாவா சொன்னார்கள்? முதலில் ஒரே ஒரு எளிய பதார்த்தம் சொல்லுங்கள், நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள். தக்காளிச் சாஸ் மட்டும் போட்ட ஸ்பகெட்டி, அல்லது மார்கெரிட்டா பீட்சா. ஒளிந்துகொள்ள இடமில்லாத பதார்த்தங்கள் இவை. தக்காளி புளிக்கிறதா, பாஸ்தா குழைந்ததா, தண்ணீரில் உப்புப் போட்டார்களா என்பதெல்லாம் இரண்டு வாயில் தெரிந்துவிடும். இத்தாலியச் சமையலறைகளில் லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் உப்பு என்பது பொதுவான கணக்கு. அதை விட்டுவிட்டால் மேலே எந்தச் சாஸ் ஊற்றினாலும் பாஸ்தா உள்ளே சப்பென்றுதான் இருக்கும். அந்த முதல் தட்டு நன்றாக இருந்தால் மேற்கொண்டு சொல்லலாம். இல்லையென்றால் அதோடு பில் கேட்டு வேறு இடம் போகலாம், நஷ்டம் ஒரு தட்டோடு போகும். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. முன்னுணவு, பாஸ்தா, அப்புறம் இறைச்சி என்று படிப்படியாகச் சாப்பிடுவதுதானே இத்தாலிய விருந்தின் ஒழுங்கு!

ரிசோட்டோ வேண்டுமென்றால் "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேளுங்கள். ஆர்போரியோ, கார்னரோலி மாதிரியான அரிசி சூடான சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து வேக 16லிருந்து 18 நிமிடம் ஆகும். அப்படியானால் ஆறு நிமிடத்தில் எப்படி வந்தது? தம்பி சொன்னான்: "முக்கால் பதம் வேக வெச்சு, ட்ரேயில பரப்பி ஆற வெச்சு ஃப்ரிட்ஜ்ல வெச்சிருப்பாங்கக்கா. நாங்களும் அதைத்தான் செஞ்சோம். கடைசி அஞ்சு நிமிஷத்தைச் சரியா செஞ்சா யாருக்கும் தெரியாது." அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் விஷயமே இருக்கிறது. அடுப்பிலிருந்து இறக்கி, குளிர்ந்த வெண்ணெயும் சீஸும் போட்டு வேகமாக அடித்துக் கலக்க வேண்டும். அப்போது அரிசியைச் சுற்றி ஒரு கூழ்ப்பதம் வரும், தட்டைச் சாய்த்தால் அலைபோல நகரும். எங்களுக்கு வந்தது நகரவில்லை. கரண்டியின் வளைவு பதிந்த மேடாக நின்றது. ஸ்பூனைக் குத்தினேன், அதுவும் நின்றது.

"இருபது நிமிஷம் ஆகும், பரவாயில்லையா?" என்று வெயிட்டர் கேட்டால் மனம் குளிர்ந்து தலையாட்டுங்கள்.

பீட்சாவுக்கு நேர் எதிர். நேப்பிள்ஸ் முறைப்படி விறகு அடுப்பில் 480 டிகிரி வாக்கில் 60லிருந்து 90 விநாடியில் அது வெந்துவிடும், அதனால் சீக்கிரம் வந்தால் சந்தேகப்படாதீர்கள். ஓரத்தில் அங்கங்கே கருப்புப் புள்ளிகள் இருப்பது தீய்ந்ததில் சேராது. நடுப்பகுதி ஈரமாக, கையில் எடுத்தால் தொங்கும். அதுவும் குற்றமில்லை. மொறுமொறு பீட்சா வேண்டுமென்றால் முன்பே கேட்டுவிடுங்கள், வேறு பாணிக்காரர்களிடம் அது கிடைக்கும்.

முதல் இரண்டு வாய்

எல்லோரும் கோட்டை விடுவது இங்கேதான். தட்டு வந்து இரண்டு நிமிடத்தில் வெயிட்டர் வந்து "எப்படி இருக்கு?" என்று கேட்பார். வாய் நிறைய வைத்துக்கொண்டு கட்டை விரலைத் தூக்குவோம். நானும் தூக்கினேன். என் கணவர் "சூப்பர்" என்றே சொன்னார். எதிரில் அந்த ரிசோட்டோ மேடு அசையாமல் நிற்கிறது, இவர் சூப்பர் என்கிறார்!

அந்தக் கேள்வி வரும் முன் நீங்கள் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். பாஸ்தாவில் ஒன்றை எடுத்துக் கடித்து, கடித்த இடத்தைப் பாருங்கள். காய்ந்த பாஸ்தா என்றால் நடுவில் ஊசிமுனை அளவு வெளிறிய புள்ளி தெரியலாம், பல்லில் லேசான எதிர்ப்பு இருக்கும். அதைத்தான் அல் தெந்தே என்பார்கள், "பல்லுக்கு" என்று அர்த்தம். வேகவில்லை என்று அதைத் திருப்பி அனுப்பினால் நாம்தான் அசடு வழிய வேண்டும். வெள்ளை மாவு பல்லில் ஒட்டினால் அது வேகாததுதான். நாக்கால் அழுத்தினாலே நசுங்கினால் குழைந்தது. முட்டை சேர்த்துப் புதிதாகச் செய்த பாஸ்தா எப்போதும் மிருதுவாகத்தான் இருக்கும், அதில் புள்ளியைத் தேடாதீர்கள்.

அப்புறம் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இது எனக்குப் பிடிக்கவில்லையா, அல்லது அவர்கள் தப்பாகச் செய்திருக்கிறார்களா? நீங்கள் எதிர்பார்த்த ருசி இல்லை என்பதற்காகத் தட்டைத் திருப்புவது நியாயமில்லை, அது உங்கள் துணிச்சலுக்கான விலை. ஆறிப் போயிருந்தால், குழைந்திருந்தால், உப்புக் கரித்தால், மெனுவில் சொன்ன பொருள் இல்லாமலோ சொல்லாத பொருள் இருந்தோ வந்தால், தயங்காமல் சொல்லலாம்.

சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. இரண்டு வாய்க்குமேல் சாப்பிடாதீர்கள். முக்கால் தட்டைக் காலி செய்துவிட்டு நன்றாக இல்லை என்றால் யாரும் நம்பமாட்டார்கள். குரலை உயர்த்தாமல் வெயிட்டரை அருகில் கூப்பிடுங்கள். "நல்லா இல்லை" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள், அவரால் அதை வைத்துக்கொண்டு உள்ளே போய் ஒன்றும் செய்ய முடியாது. "ரிசோட்டோ ரொம்பக் கெட்டியா இருக்கு, நடுவில் சூடே இல்லை. புதிதாகச் செய்து தர முடியுமா?" என்று சொல்லுங்கள். குறை என்ன, உங்களுக்கு என்ன வேண்டும், இரண்டும் அதில் இருக்கின்றன. மறுபடி செய்யச் சொல்லலாம், வேறு பதார்த்தம் கேட்கலாம், அல்லது பில்லிலிருந்து எடுக்கச் சொல்லலாம். மூன்றில் எது வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுக் கையைத் தூக்குங்கள்.

சமையலறையில் எரிச்சல்பட்டு ஏதாவது செய்துவிடுவார்களோ என்ற பயம் எனக்கும் இருந்தது. தம்பியிடம் கேட்டேன். "ராத்திரி எட்டரை மணிக்கு எங்களுக்குக் கோபப்பட நேரம் ஏதுக்கா? தட்டு திரும்பி வந்தா, எந்த மேசை, என்ன குறைன்னு கேட்டுட்டு அடுத்த வாணலியை வைப்போம்" என்றான். எதிரில் இருப்பவரின் சாப்பாடு ஆறிவிடுமே என்று கவலைப்பட்டால், அவருடைய தட்டையும் சூடு செய்து சேர்த்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். பாஸ்தாவாக இருந்தால் மட்டும் சூடு செய்யக் கொடுக்காமல் அவர் பாட்டுக்குச் சாப்பிடட்டும், காத்திருந்தால் அது குழைந்துதான் போகும்.

இனிப்பும் பில்லும்

சாப்பாடு சொதப்பினாலும் டிராமிசு பெரும்பாலும் பிழைத்துவிடும். காப்பியில் நனைத்த பிஸ்கட்டும் மஸ்கர்போனே சீஸும் அடுக்கிச் சில மணி நேரம் ஃப்ரிட்ஜில் ஊற வேண்டிய இனிப்பு அது. முன்கூட்டிச் செய்து வைப்பதுதான் அதற்கு நல்லதே. பிஸ்தா ஜெலாட்டோ (இத்தாலிய ஐஸ்கிரீம்) கிளிப்பச்சையாக இருந்தால் வேண்டாம், நிஜப் பிஸ்தாவை அரைத்தால் மங்கிய பழுப்புப் பச்சைதான் வரும். பில்லில் சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிப்பைப் பற்றி யோசியுங்கள். திருப்பி அனுப்பிய பதார்த்தம் பில்லில் அப்படியே உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். வேண்டுமென்றே செய்வதைவிட மறதியில் நடப்பதே அதிகம்.

நாலு மாதம் கழித்து எங்கள் கல்யாண நாளுக்கு வேறொரு இடத்துக்குப் போனோம். ஜன்னல் இல்லை, மெழுகுவத்தி இல்லை, மெனு ஒரே பக்கம். முதலில் தக்காளி ஸ்பகெட்டி ஒன்று மட்டும் சொன்னோம், அருமையாக இருந்தது. அப்புறம் எனக்குக் காச்சோ எ பெப்பே சொன்னேன், பெக்கொரினோவும் மிளகும் மட்டும் போட்ட பாஸ்தா. வந்தபோது சாஸ் திரண்டு கட்டிகட்டியாக இருந்தது. அதிகச் சூட்டில் சீஸ் பட்டால் அப்படித்தான் ஆகும். என் இதயம் படபடவென்று அடித்துக்கொண்டது. கையைத் தூக்கினேன்.

"சீஸ் கட்டி தட்டியிருக்கு. புதிதாகச் செய்து தர முடியுமா?"

அந்தப் பையன் குனிந்து பார்த்தான். "ஆமாம் மேடம், சாரி" என்று எடுத்துக்கொண்டு போனான். அவ்வளவுதான். பன்னிரண்டு நிமிடத்தில் இன்னொரு தட்டு வந்தது. நூல் பிசகாமல் பளபளவென்று ஒவ்வொரு இழையிலும் சாஸ். என் கணவர் தன் தட்டை விட்டுவிட்டு என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், பாவம், ரென்னெட் காரணமாக அவரால் தொட முடியாது.

வீட்டுக்கு வந்ததும் அவர் நேராகப் படுக்கப் போனார். ஃப்ரிட்ஜைத் திறந்தது நான்தான், ஒரு பாட்டில் தண்ணீர் முழுவதும் குடித்தேன். பெக்கொரினோவின் உப்பு அப்படி.